டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

வயது 38. சேலத்தில் ஒரு வெள்ளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்யாணமாகி 6 வருஷம், ஒரு பெண் குழந்தை. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி காபியைக் கொண்டுவந்து ஜன்னல் திண்டில் வைத்தாள். கை வழுக்கியதோ சூடு தாங்கவில்லையோ, 'ணங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவள் கோபமாக இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். என்ன தப்பு செய்தேன் என்று நேற்று, முந்தாநாள், போன வாரம் வரைக்கும் மனசுக்குள் தேடிக்கொண்டு போகிறேன், அவள் "இன்னைக்கு மீன் வாங்கலாமாங்க" என்று கேட்டது காதிலேயே விழவில்லை. "சாரி" என்றேன். "எதுக்கு சாரி?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாய் செவ்வாய்க்கிழமை வரை திறக்கவில்லை. நடுவில் அவள் அழுததும் எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பிறந்த வீட்டின் முன்னறைதான் அப்பாவின் கொலுசுப் பட்டறை. வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சேதாரம் போக ஒரு கிராம் குறைந்தாலும் அப்பா கைக்காசிலிருந்து போகும். எடை குறைந்த நாளில் அவர் எதுவும் சொல்ல மாட்டார். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கடப்பைக் கல்லில் 'ணங்' என்று வைப்பார். அதற்கப்புறம் பத்து நிமிஷத்துக்குள் வீட்டில் யாராவது ஒருவருக்கு விழும். அடியைவிட அந்தப் பத்து நிமிஷம்தான். அம்மாவா, நானா, தங்கச்சியா என்று தெரியாது. பக்கத்தில் கேஸ் ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அப்பா இறந்து 11 வருஷம் ஆகிவிட்டது. சத்தம் மட்டும் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

வீட்டில் மட்டும் இல்லை. போன மாதம் முதலாளி வாட்ஸ்அப்பில் "சாயங்காலம் ரூமுக்கு வந்துட்டுப் போங்க" என்று ஒரு வரி அனுப்பினார். மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு மூன்று வருஷத்து லெட்ஜரையும் இழுத்துப் போட்டுச் சரிபார்த்தேன். போய் நின்றால், மகள் கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பிழை இருக்கிறதா பார்த்துச் சொல்லச் சொன்னார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒரு பிழை இருந்தது, அதையும் பயந்துகொண்டேதான் சொன்னேன்.

யாருக்காவது இப்படி உண்டா? இல்லை எனக்குத்தான் ஏதாவது கழன்றுவிட்டதா?

---

தட்டுவடை_செட்:

எனக்கு அது பெல்ட் பக்கிள் சத்தம். ஜவுளிக் கடையில் டிரையல் ரூம் பக்கமே போக மாட்டேன், அளவு பார்க்காமலே பேன்ட் வாங்கிவிட்டு வந்து வீட்டில் திட்டு வாங்குவேன். அதனால் கழன்றது உங்களுக்கு மட்டும் இல்லை, ஆறுதல் அடையுங்கள்.

பத்திரிகைக் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

---

தறிக்காரன்_அம்மாபேட்டை:

தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு வயசு 61. எங்கள் காலத்தில் அடி வாங்காமல் வளர்ந்தவன் யார்? என் அப்பன் தறிக்கட்டையாலேயே போடுவார். நாங்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறோம்? இப்போது எதற்கெடுத்தாலும் ஒரு பேர் வைத்து ஒரு நோய் ஆக்கிவிடுகிறார்கள். பெற்ற அப்பாவைப் போய், அதுவும் இறந்துபோனவரை, இப்படிப் பொது இடத்தில் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் அன்றைக்கு உழைத்துப் போட்டதால்தான் இன்றைக்கு நீங்கள் கணக்கு எழுதுகிறீர்கள்.

இன்னொன்று. விசைத்தறி ஓடுகிற வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம், இல்லாவிட்டால் காதில் விழாது. வெளியூரிலிருந்து வந்த மருமகள்கள் மூன்று மாசம் மிரண்டுபோய் இருப்பார்கள், அப்புறம் அவர்களும் கத்துவார்கள். சத்தம் எல்லாம் கோபம் இல்லை.

---

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

ஐயா, அப்பாவைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர் கையில் நெருப்புச் சுட்ட தழும்பு எத்தனை இருந்தது என்று எனக்கு எண்ணிக்கையோடு தெரியும். அதுவும் உண்மை, டம்ளரும் உண்மை. கடைசியில் சொன்னீர்களே, சத்தம் எல்லாம் கோபம் இல்லை என்று, அது என் தலைக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத்தான் தெரியவில்லை.

---

20_வளைவு:

நான் ஏற்காட்டில் இருக்கிறேன், பெண். விருந்தினர்கள் வந்து தங்குகிற இடத்தில் வேலை, நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அது எனக்குச் சுலபமாக வரும். வராதது ஒன்றே ஒன்று: யாரிடமும் எதையும் கேட்க வராது.

எட்டு வயதில் விடுதியில் விட்டார்கள். எந்த ஊர், எந்த விடுதி என்பதெல்லாம் வேண்டாம். அங்கே ஒருத்தி ஏதாவது கேட்டால், உதாரணமாக இன்னொரு போர்வை, அன்றிரவு சாப்பாட்டு வரிசையில் அவளை நிற்க வைத்து "மகாராணிக்கு ரெண்டு போர்வை வேணுமாம்" என்று வார்டன் சொல்வார், எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரிக்காதவள் அடுத்த ஆள். அடி ஒன்றும் கிடையாது. அதனால் ரொம்ப வருஷம் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் 103 டிகிரி காய்ச்சல். பக்கத்து வீட்டில் ஜீப் நிற்கிறது, அந்த அண்ணன் தினமும் டவுனுக்கு இறங்குகிறவர். கேட்கவில்லை. பஸ் ஏறினேன், உட்கார இடம் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் நின்றபடியே இறங்கினேன். நான் முக்கால்வாசி மயக்கத்தில் இருந்தேன், ஒவ்வொரு வளைவிலும் என் நெற்றி அந்தக் கம்பியில் போய்ப் போய் ஒட்டியது, கம்பி ஜில்லென்று இருந்தது, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடிவாரம் வந்தபோது 'பரவாயில்லை, யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை' என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

விஷயம் அந்த அண்ணனுக்குத் தெரிந்தபோது அவர் முகம் செத்துப் போனது. "ஏம்மா, எங்க வண்டியில ஏறக் கூடாதா?" என்றார். எதை நினைத்துக் கேட்டார் என்று உங்களுக்கே புரியும், நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. என் பயம் அவருக்கு அவமானமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் வீட்டம்மா இன்று வரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கிவிட்டேன்.

---

மூக்கனேரி_நடை:

சின்ன வயசில் பயந்துபோனது உடம்பிலேயே தங்கிவிடும் என்பார்கள். கண்ணங்குறிச்சிப் பக்கம் மந்திரித்துத் திருநீறு கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நம்பிக்கை இருந்தால் போய்ப் பாருங்கள். தப்பில்லையே.

---

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

கேலி செய்யவில்லை, நீங்கள் சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. ஏழு வயசில் ராத்திரி தூக்கத்தில் அலறுவேனாம். ஆயா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள், அப்பாவின் அம்மா. மந்திரிக்கிறவர் வேப்பிலையைக் கையில் எடுத்துக்கொண்டு "பையன் எதைப் பாத்துப் பயந்தான்?" என்று கேட்டார். ஆயா என்னைப் பார்த்தாள். நான் ஆயாவைப் பார்த்தேன். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஆயா "நாயைப் பாத்துங்க" என்றாள்.

எங்கள் தெருவில் அப்போது நாயே கிடையாது.

---

நைட்_டூட்டி:

மேலே எழுதியதை வேலைக்குக் கிளம்பும்போது படித்தேன், பஸ்ஸில் உட்கார்ந்து தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்திக்கொள்ளட்டும்.

நான் டாக்டர் இல்லை. மனநலப் பிரிவில் 9 வருஷமாகச் செவிலியர். அதனால் இங்கே யாருக்கும் இன்ன நோய் என்று முத்திரை குத்தப் போவதில்லை, நீங்களும் உங்களுக்கு நீங்களே குத்திக்கொள்ளாதீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூளையில் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது, ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. யோசிக்கிற மூளை 'இது காபி டம்ளர்' என்று கண்டுபிடிப்பதற்குள் இது மணியடித்துவிடும். நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும், வயிறு கலங்கும். சிலர் சண்டைக்குப் போவார்கள், சிலர் இடத்தை விட்டு ஓடுவார்கள், சிலர் கல்லாகிவிடுவார்கள். சிலர் உடனே "சாரி" சொல்லிப் பணிந்துவிடுவார்கள், எதற்கு என்றே தெரியாமல். இதில் நடிப்பும் இல்லை, பலவீனமும் இல்லை. அந்த நேரத்தில் "லூசா நீ, சும்மா டம்ளர்தானே" என்று சொல்வதில் பயனும் இல்லை.

சேத் போலாக் என்று அமெரிக்காவில் ஒரு உளவியலாளர். அவர் ஆய்வுகளில், அடிபட்டு வளர்ந்த குழந்தைகள் மங்கலாகக் காட்டிய படத்திலேயே கோப முகத்தை மற்றக் குழந்தைகளைவிட முன்னதாகக் கண்டுபிடித்தார்கள். பொல்லாத திறமைதான், அந்த வீட்டில் பிழைக்க அது தேவைப்பட்டது. ஆனால் வீடு மாறின பிறகும் அது நிற்பதில்லை. வெள்ளிக் கடைத் தராசில் மூச்சுப் பட்டாலே முள் ஆடுமே, அதை வைத்து அரிசி மூட்டையை எடை போட்டுப் பாருங்கள். மனைவி தூக்கம் இல்லாமல் முகத்தைச் சுருக்கினாலும் அந்தத் தராசு 'கோபம்' என்றுதான் காட்டும்.

தறிக்கார ஐயாவுக்கு: பேர் வைத்து நோய் ஆக்குகிறார்கள் என்கிறீர்கள். பேர் ஒன்றும் நேற்று வைத்ததில்லை. பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தங்கிவிடுகிற மனப் பாதிப்பு, என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-லேயே தன் பட்டியலில் சேர்த்தது, அப்போது பேச்செல்லாம் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களைப் பற்றித்தான். வருஷக் கணக்கில் தப்பிக்க வழியில்லாமல் தாங்கியவர்களின் நிலை கொஞ்சம் வேறு என்று கண்டு, உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் சிக்கலான பிடிஎஸ்டி என்று தனியாக வைத்தது. பழையது திரும்ப வருவது, அதைத் தவிர்ப்பது, எப்போதும் ஆபத்து இருப்பதாகவே படுவது, இவை எல்லாம் போக இன்னும் மூன்று பார்ப்பார்கள்: உணர்ச்சி கைமீறிப் போவது, தன்னை ஒன்றுக்கும் ஆகாதவனாக நினைப்பது, மனிதர்களோடு நெருங்கி இருக்க முடியாமல் போவது. அந்த மூன்றாவதைத்தான் இங்கே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடி வாங்கிய எல்லோருக்கும் இது வரும் என்றும் இல்லை. பக்கத்தில் ஒரே ஒரு ஆள், பாட்டியோ டீச்சரோ, ஆதரவாக இருந்தாலே நிறைய மாறும். ஐயா, உங்களுக்கு அப்படி யாராவது இருந்தார்களா?

டூட்டி நேரம் வந்துவிட்டது, அப்புறம் வருகிறேன்.

---

ஆத்தூர்ப்_பொண்ணு:

எல்லோரும் பதிவு போட்டவருக்கு ஆறுதல் சொல்கிறீர்கள். நான் அந்த டம்ளர் வைத்த பெண்ணின் பக்கம்.

என் வீட்டுக்காரரும் இப்படித்தான். அவர் கதை வேறு, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்பது வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் தெரியுமா? கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறேன். போனில் அம்மாவிடம் பேசும்போது குரல் உயர்ந்தால் மாடிக்குப் போய்விடுகிறேன். தலைவலி என்றால்கூட முகத்தில் காட்ட மாட்டேன், காட்டினால் "என் மேல என்ன கோவம்" என்று ஆரம்பித்து ரெண்டு நாள் பேச்சு இருக்காது. என் தலைவலியை ஒருநாளும் தலைவலியாக எடுத்துக்கொண்டதில்லை. அது எப்போதும் அவரைப் பற்றிய ஏதோ ஒன்றாகத்தான் ஆகிவிடும்.

அவர் அடிப்பதில்லை, திட்டுவதில்லை, குடிப்பதில்லை. வெளியில் சொன்னால் "தங்கமான மனுஷன், உனக்கு என்ன குறை" என்பார்கள். ஆனால் வண்டிச் சத்தம் வாசலில் நின்றதும் எனக்கு நெஞ்சு ஒரு முறை அடித்துக்கொள்கிறது. இது எனக்கு முன்னே இருந்ததில்லை. நான் சிரித்துப் பேசி வளர்ந்த வீட்டிலிருந்து வந்தவள்.

செவ்வாய்ப்பேட்டை அண்ணா, இரண்டு நாள் பேசாமல் இருந்தீர்களே, அது உங்களுக்குப் பயம். உங்கள் மனைவிக்கு அது தண்டனை. உங்கள் அப்பாவின் அந்தப் பத்து நிமிஷத்தை நீங்கள் இரண்டு நாளாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். கோபப்படாதீர்கள், யாராவது சொல்ல வேண்டும்.

---

தட்டுவடை_செட்:

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஐந்து ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்திருக்கிறேன். நானும் கோபம் வந்தால் பேசாமல் இருப்பவன்தான். அதை நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், கை நீட்டுவதில்லையே என்று.

---

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

ஆத்தூர்ப் பொண்ணு, மூன்று தடவை படித்தேன். கோபம் இல்லை. பதில் எழுதத் தெரியவில்லை.

---

நைட்_டூட்டி:

ஆத்தூர்ப் பொண்ணு சொன்னதை எங்கள் பிரிவில் கூட வருகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிறோம். நோயாளிக்குச் சீட்டு இருக்கும், கூட வந்தவருக்கு இருக்காது.

செய்யக்கூடியது என்று கேட்டால், சண்டை நடக்கும்போது குழந்தைப் பருவத்தை எடுத்து வைக்காதீர்கள். அந்த நேரத்தில் அது சாக்குப்போக்காகத்தான் எதிராளி காதில் விழும். இருவரும் சாதாரணமாக இருக்கிற ஒரு சாயங்காலம் பாருங்கள். முழு வாழ்க்கை வரலாறும் வேண்டாம், ஒரே ஒரு சின்ன விஷயம் போதும், இந்தச் சத்தம், இந்த வார்த்தை, இப்படிப் பின்னால் வந்து நிற்பது என்று. பயம் ஏறுகிற நேரத்தில் பாதத்தைத் தரையில் நன்றாக அழுத்தி, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் யார், இது என்ன வருஷம் என்று மனசுக்குள் சொல்லுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். பேசாமல் இருக்கத் தோன்றினால் "எனக்கு அரை மணி நேரம் வேணும், உன் மேல ஒன்னும் இல்லை" என்ற ஒரு வாக்கியத்தையாவது சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஒரு வாக்கியம் எத்தனை வீட்டில் இல்லாமல் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இது போதாமல் தூக்கம், வேலை எல்லாம் கெடுகிறது என்றால் ஆளைப் போய்ப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் டெலிமானஸ் என்று போனில் பேசுகிற மனநல உதவி இருக்கிறது, எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது, காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மந்திரிக்கப் போகிறவர்கள் போங்கள், நான் தடுக்கவில்லை. எதைப் பார்த்துப் பயந்தான் என்று கேட்டால் நாய் என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

---

தறிக்காரன்_அம்மாபேட்டை:

அந்தம்மா கேட்டதற்கு: இருந்தார், என் தாய்மாமன். அப்பா கையை ஓங்கினால் குறுக்கே வந்து நிற்பார்.

ஒரு சந்தேகம். என் மகன் பெங்களூரில் இருக்கிறான். போன் செய்தால் "சொல்லுங்கப்பா" என்பான், நான் சொல்லி முடித்ததும் "சரிங்கப்பா" என்பான். அவன் அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசுவான். சின்ன வயசில் என் செருப்புச் சத்தம் தெருவில் கேட்டதும் புத்தகத்தை எடுத்துவிடுவான், மரியாதை என்று தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அவனுக்குத் தாய்மாமன் கிடையாது. என் வீட்டுக்காரி ஒரே பெண்.

சந்தேகம் என்னவென்று எழுத வரவில்லை. விடுங்கள்.

---

20_வளைவு:

விட வேண்டாம் ஐயா. அந்த ஒரு மணி நேரம் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். கேள்வி எதுவும் கேட்காமல்.

நானும் ஒரு காரியம் செய்தேன். ஜீப் அண்ணன் வீட்டுக்குப் போய் மிளகு காயப்போட ஒரு தார்ப்பாய் கேட்டேன். எனக்குத் தார்ப்பாய் தேவையே இல்லை, வீட்டில் இரண்டு இருக்கிறது. கேட்டுப் பழக வேண்டும் என்று கேட்டேன். அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்கப் போன அன்று பிடித்து உட்கார வைத்து, போன வருஷம் முழுக்க என் மேல் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். நடுங்கிக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் யாரும் வரிசையில் நின்று சிரிக்கவில்லை.

---

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

குழந்தை தூங்கின பிறகு மொட்டை மாடியில் வைத்துச் சொன்னேன். டம்ளரை மட்டும்தான் சொன்னேன். அப்பா, எடை, ணங், பத்து நிமிஷம். நான்கு வரிகூட வராது, சொல்ல அரை மணி நேரம் ஆனது.

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. எனக்கு வழக்கம்போல் வயிறு கலங்க ஆரம்பித்தது. அப்புறம் சொன்னாள்: "அதனாலதான் நீங்க சத்தமே இல்லாம நடக்கறீங்களா? சமையக்கட்டுல திரும்பினா பின்னாடி நிப்பீங்க. எனக்கு உயிரே போயிடுங்க. ஆறு வருஷமா சொல்லணும்னு இருந்தேன்."

எனக்குத் தெரியவே தெரியாது. அந்த வீட்டில் சத்தமில்லாமல் நடக்கப் பழகினவன் நான். அது இன்னொருவரைப் பயமுறுத்தும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது சமையலறைக்குள் போகும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு போகிறேன். அவள் காபி கொண்டுவந்தால் பஸ் கண்டக்டர் மாதிரி "டம்ளர் வருது, டம்ளர் வருது" என்று கத்திக்கொண்டு வருகிறாள். குழந்தையும் கற்றுக்கொண்டுவிட்டது. நேற்று மறுபடி ஒரு 'ணங்' விழுந்தது, வயிறு கலங்கத்தான் செய்தது. பத்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

ஆத்தூர்ப் பொண்ணு, உங்கள் வீட்டில் எப்படி?

---

ஆத்தூர்ப்_பொண்ணு:

எங்கள் வீட்டில் ஒன்றும் மாறவில்லை அண்ணா. இந்த இழையை அவரிடம் காட்டினேன், பாதி படித்துவிட்டுப் போனைத் திருப்பி வைத்தார், மூன்று நாள் பேச்சு இல்லை.

முந்தாநாள் அவர் வேலைக்குப் போன பிறகு 14416-க்குப் போட்டேன். எடுத்தவர் "யாருக்காகக் கூப்பிடறீங்க" என்று கேட்டார். வீட்டுக்காரருக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்காக என்று சொன்னேன்.